யார் காசில் வருகிறது செய்தி?

2001 ஜூன் 30 விடிந்தபோது தமிழ்நாட்டில் டிவி இருந்த வீடுகளில் ரிமோட் ஓயவில்லை. மேம்பால வழக்கில் நள்ளிரவில் கருணாநிதி கைது. திமுக தரப்பின் சன் டிவியில் 77 வயதுக்காரரைப் போலீஸார் இழுத்துச் செல்லும் காட்சி, அந்த அலறலோடு, திரும்பத் திரும்ப ஓடியது. அதிமுக தரப்பின் ஜெயா டிவிக்கு மாற்றினால் மத்திய அமைச்சர்கள் போலீஸாரோடு மல்லுக்கட்டும் காட்சி. ஒரே இரவு, ஒரே சம்பவம். இரண்டு படமும் பொய்யில்லை, வெட்டி ஒட்டிய இடம்தான் வேறு. எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சேனலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

ஓட்டுப் போடுகிறவருக்கு எந்த ஊடகம் உதவும் என்று ஒப்பிட உட்கார்ந்தால், எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் அளவுகோல் 'நடுநிலை'. எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். காசு யாருடையது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு, நம் ஊர் மன்றக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறார்களா, இந்த மூன்றையும்தான் பார்க்கிறேன்.

முதலில் கட்சிச் சேனல்கள். இவற்றை எடுத்த எடுப்பில் கழித்துக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு அரசியலே கட்சிப் பத்திரிகையில் வளர்ந்ததுதான். விடுதலை 1935-லும் முரசொலி 1942-லும் தீக்கதிர் 1963-லும் தொடங்கியவை. படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட மரபு அது. ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று பிறகு வந்த டிவிகள் அதன் நீட்சி. கரை வேட்டியைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிவதுபோல, லோகோவைப் பார்த்தாலே இன்னார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். எதிர்க்கட்சியாக இருக்கும் ஐந்தாண்டுகளில் ஆளுங்கட்சியின் ஊழலைத் தோண்டுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சொந்த வீட்டுக் குப்பையை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

அந்த வீட்டுக்குள்ளேயே பிளவு வந்தால் என்னவாகும் என்பதை 2007 மே 9 காட்டியது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்தின் தினகரன் வெளியிட்டது. அதை எதிர்த்து வெடித்த வன்முறையில் மதுரையில் அந்தப் பத்திரிகை அலுவலகம் தீக்கிரையாகி மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அந்தக் கணிப்புக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வேலைக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி தொடங்கியது. அந்த மூன்று உயிர்களை மறந்துவிட்டுத் தமிழ்நாட்டில் ஊடகமும் அரசியலும் பற்றிப் பேசுவது எனக்குக் கூசுகிறது.

அடுத்தது, கட்சி முத்திரை இல்லாத செய்திச் சேனல்கள். 2011-ல் புதிய தலைமுறை வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் தலைப்புச் செய்தியாக வராத ஒரு சேனல்! அந்த நன்றியை இன்றும் மறக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் போகப் போக இரவு எட்டு மணி விவாதமே செய்தி என்றாகிவிட்டது. நான்கு பேரை உட்கார வைத்து ஒருவர்மேல் ஒருவர் கத்தவிடுவது மலிவு. ஒரு நிருபரையும் கேமராமேனையும் இரண்டு நாள் கிராமத்தில் தங்கவைப்பது செலவு. கணக்கு அவ்வளவுதான். அந்தச் செலவுக்கு வேண்டிய விளம்பரத்தில் அரசு விளம்பரமும் உண்டு. சேனல் நம் வீட்டுக்கு வந்துசேரும் வழியிலும் அரசு உட்கார்ந்திருக்கிறது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோது ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். அதே கேபிளில் எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பது அரசு நிறுவனத்தின் கையில் இருப்பது ஆபத்து. 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீதே போலீஸ் வழக்குப் பதிந்தது. இந்தக் கயிறுகளெல்லாம் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. கட்சிச் சேனலின் கொடியாவது கண்ணுக்குத் தெரியும்.

வேகம் இன்னொரு நோய். 2016 டிசம்பர் 5 மாலையில் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்ச் சேனல்கள் சொல்லிவிட்டன. அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. அவர் இறந்தது அன்றிரவு பதினொன்றரை மணிக்கு என்று பிறகு அறிவித்தார்கள். நடுவே போன அந்த சில மணி நேரத்தில் ஊர் ஊராகக் கடை அடைத்தார்கள், பிள்ளைகளை அழைத்துவரப் பெற்றோர் ஓடினார்கள்.

தூர்தர்ஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது, தூர்தர்ஷனை நடத்தும் தன்னாட்சி அமைப்பான பிரசார் பாரதி 1997-ல் வந்தது. ஆனாலும் ஆளும் அரசு மனம் நோகும்படி அங்கே செய்தி வருவதில்லை. ஒன்றை மட்டும் அதன் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தேர்தலின்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குக் காசு வாங்காமல் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். பணமில்லாத கட்சியும் திரையில் முகம் காட்ட அது ஒரு வழி.

யூடியூபும் வாட்ஸ்அப்பும் வந்தபின் கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். மக்கள் கையிலிருந்த போனுக்கு அரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதன் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தித்தாளை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். தவறாக எழுதினால் வழக்குப் போட ஓர் ஆள் உண்டு. தேர்தலுக்கு முந்தைய இரவு குடும்ப குரூப்பில் வந்து விழும் ஃபார்வர்டுக்கு அந்தப் பொடி எழுத்து கிடையாது.

அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் வெடித்ததால் மூன்றாம் நாளே விட்டார்கள். அவர் அத்தோடு விடாமல் நீதிமன்றம் போய் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1987-க்கும் 2025-க்கும் நடுவில் ஆட்சிகள் எத்தனையோ மாறின, கார்ட்டூன் மீதான பயம் மாறவில்லை.

ஆகவே என் தேர்வு அச்சுப் பத்திரிகை. அதிலும் முதல் பக்கத்தையோ தலையங்கத்தையோ சொல்லவில்லை. உள்ளே இருக்கும் மாவட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பேரூராட்சியில் ஒரு வாட்டர் டேங்க் கட்டி முடித்து இரண்டு வருஷம் தண்ணீர் ஏற்றாமல் நின்றது. எந்த விவாதத்திலும் அது வரவில்லை, வரவும் வராது. பகுதிநேர நிருபராக இருந்த ஓர் அண்ணன் ஏணியில் ஏறிப் பார்த்தார். உள்ளே காய்ந்த இலைச் சருகும் பறவை எச்சமும். படத்தோடு ஒரு சின்னச் செய்தி, விரல் நீளம்தான் இருக்கும். பத்தே நாளில் பைப்பில் தண்ணீர் வந்தது. எங்கள் தெரு அக்காக்கள் குடத்தோடு நடப்பது நின்றது. ஜனநாயகம் என்று பெரிதாகப் பேசுவதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், பெட்ரோலுக்கே காணாது. கூடவே பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். சின்ன ஊரில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர்கள் யார்? சேர்மன், கான்ட்ராக்டர், இரண்டு ஜவுளிக் கடை. அந்த வருஷம் அவர் சேர்மன் வீட்டு வாசலில் நின்றபோது, "டேங்க் மேல ஏறினது நீங்கதானே தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். விளம்பரம் கொடுத்துவிட்டார், முழுப் பக்கம். அதற்குப் பிறகு அண்ணன் எழுதிய எந்தச் செய்தியிலும் பேரூராட்சி வரவில்லை. ஒரு வருஷம் கழித்து அவரே விட்டுவிட்டார். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறார்.

நாம் கடையில் கொடுக்கும் காசு பத்திரிகையின் தாளுக்கும் மைக்குமே பற்றாது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து டீக்கடைப் பேப்பரை விட்டுவிட்டு இரண்டு பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறேன். கட்சிச் சேனல்களை இரண்டாகவே பார்க்கிறேன், ஒன்றோடு நிறுத்துவதில்லை.

போன மாதம் பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகையாளர்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த மூன்று நாற்காலியும் காலி. முப்பத்தி நாலு தீர்மானங்களைக் கிளார்க் வாசிக்க வாசிக்க எல்லாமே நிறைவேறின. டீ வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.