புவாந்த்-ஆ-பீத்ர் சந்தைகள்: முதலில் தார்ஸ், அப்புறம் மற்றவை

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் புவாந்த்-ஆ-பீத்ர் நகரத்துக்குப் போய் சந்தை எங்கே என்று கேட்டால் எல்லாரும் செயிண்ட் அந்துவான் சந்தைக்குத்தான் வழி சொல்வார்கள். அழகான சந்தைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு காலைதான் கிடைக்கிறது என்றால், என் பரிந்துரை துறைமுக ஓரத்தில் இருக்கும் தார்ஸ் சந்தை. இந்த இரண்டும் ஒரு சின்னப் பூச்சந்தையும் ஆக மூன்று சந்தைகளும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன, ஆட்டோ டாக்ஸி எதுவும் தேவையில்லை. எதை முதலில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் தார்ஸில் மீன் மதியம்வரை காத்திருக்காது.

தார்ஸ் என்பது ஊருக்குள் புகுந்து நிற்கும் சின்னக் குடா. ஒரு பக்கம் விக்துவார் சதுக்கம், 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அனுப்பிய விக்தோர் யூக் பிரிட்டிஷாரை விரட்டிய வெற்றியின் பெயர் அது. எதிரே கரையில் படகுகள். மீனவர்கள் படகை ஓரமாகக் கட்டிவிட்டு அங்கேயே விற்கிறார்கள். சங்கரா, சூரை, முரல், சில நாள் பேய்க்கணவாய், சிங்கி இறால், லாம்பி என்று அவர்கள் சொல்லும் பெரிய சங்கின் சதை என்று நம் மீன் மார்க்கெட்டில் நிற்பது போலவே இருக்கும். நான் சங்கரா வாங்கினேன். விற்றவர் எதுவும் கேட்காமலே அதைப் பலகையில் போட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு செதிலை எதிர்த்திசையில் சுரண்டி, செவுளை ஒரே இழுப்பில் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் கழுவி, முதுகில் இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டுக் கொடுத்தார். கீறல் எதற்கு என்று கேட்டதற்கு, எலுமிச்சையும் பூண்டும் மிளகாயும் உள்ளே இறங்க வேண்டாமா என்றார். இந்த ஒரு காரணத்துக்கே நான் தார்ஸுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், சமைக்கத் தெரிந்தவர்கள் விற்கிற சந்தை அது.

காய்கறிக்காரர்கள் பக்கத்திலேயே. பெருவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சௌசௌ, பரங்கி, சீமைப்பலா, வாழைக்காய், எல்லாம் நமக்குப் பழகிய முகங்கள். மிளகாயும் எலுமிச்சையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள், எடை போடுவதில்லை. காயை எடுத்து அமுக்கிப் பார்க்கும் நம் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், முதலில் "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் விலை கேட்டால் பேச்சு தானாக வளரும், சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும்.

கிழங்கு வாங்கும்போது எந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று கட்டாயம் கேளுங்கள். வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்காக 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள், குவாதலூப்பின் மேற்குப் பாதியான பாஸ்-தேர் தீவின் தென்பகுதி மண்ணில் அது இன்னும் போகாமல் தங்கியிருக்கிறது, கிழங்குகள் அதை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. மரத்தில் காய்க்கும் சீமைப்பலாவுக்கு அந்தப் பயம் இல்லை. ஆற்று மீனும் அந்தக் கரையோர மீனும் இதே பிரச்சினையில் மாட்டியவைதான், அதனால்தான் சில கடல் பகுதிகளில் மீன்பிடிக்கவே தடை இருக்கிறது. ஒரு தீவே இந்த விஷத்தோடு வாழ வேண்டியிருப்பது எனக்கு மிகவும் வேதனையான விஷயம். நேர்மையான வியாபாரிகள் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுப்பதில்லை, ஊர் பெயரையே சொல்கிறார்கள்.

சரி, செயிண்ட் அந்துவான். ஃப்ரெபோ கடைத்தெருவை ஒட்டி, இரும்புத் தூண்களும் நடுவில் நீரூற்றுமாக, 19ஆம் நூற்றாண்டுக் கூடம். மதராஸ் கட்டம் போட்ட துணியில் தலைப்பாகை கட்டிய அம்மாக்கள், பட்டை, ஜாதிக்காய், வனிலா, ரம்மில் ஊறும் பழ பாட்டில்கள். கப்பல் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கும் நாளில் நெரிசலும் விலையும் சேர்ந்தே ஏறும். அழகாகக் கட்டி ரிப்பன் வைத்த மசாலாக் கூடைகளை நான் வாங்க மாட்டேன், உள்ளே எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. திறந்த சாக்கிலிருந்து அளந்து கொடுப்பவரிடம் போங்கள், மோந்து பார்க்கக் கொடுப்பார்.

அங்கே நான் நெடுநேரம் நின்றது கொலம்போ தூள் முன்னால். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு, சிலர் வறுத்த அரிசியும் சேர்த்து அரைக்கிறார்கள். மிளகாய் இல்லாத குழம்புத் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள், காரத்துக்கு முழு மிளகாயைத் தனியாகக் குழம்பில் போடுவார்கள். 1854 டிசம்பரில் ஓரேலி கப்பல் இதே புவாந்த்-ஆ-பீத்ரில்தான் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது, அதற்குப் பிறகு 1889 வரை சுமார் 42 ஆயிரம் பேர் வந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். மொழி பெரும்பாலும் போய்விட்டது, அம்மியில் அரைத்தது மட்டும் தீவு முழுக்கப் பரவி, இன்று ஆட்டுக்கறி கொலம்போ இல்லாமல் இங்கே விருந்தே கிடையாது. விற்ற அம்மாவிடம் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் அரைப்போம் என்றதும் இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டார், காசு வாங்கவில்லை.

பூச்சந்தை சின்னது, செயிண்ட் பியேர் செயிண்ட் போல் தேவாலயத்துக்கு முன்னால். ஆந்தூரியமும் ஹெலிகோனியாவும் பார்க்க நன்றாக இருக்கும், ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. தேவாலயத்துக்குள் மட்டும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள், 1843 நிலநடுக்கம் நகரத்தையே தரைமட்டமாக்கிய பிறகு இரும்புச் சட்டத்தில் எழுப்பியது.

குறை என்று சொன்னால், மதியத்துக்கு மேல் நகர மையம் வெறிச்சோடிவிடுகிறது, பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. மக்கள் வெளியே பெரிய மால்களுக்குக் காரில் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள். கையில் சில்லறை யூரோ இருக்கட்டும்.

டிசம்பரில் போக முடிந்தால் அதுதான் சரியான நேரம். கிறிஸ்துமஸ் சமையலுக்காகப் பச்சைத் துவரையைத் தோலோடு குவித்து விற்பார்கள், பன்றிக்கறியும் பெருவள்ளிக்கிழங்கும் அதோடு சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பண்டிகை. உரித்த துவரையும் பையில் கிடைக்கும், விலை கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள், விடுதி அறையில் உட்கார்ந்து உரிக்க நேரம் போதாது.