சைலன்சர் மாற்றியாச்சு: இனி ஜெட்டா, மேப்பா?

பைக்கில் சைலன்சரைக் கழற்றினால் கையோடு மெயின் ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்ற வேண்டும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். அப்போதே அது பாதிதான் சரி. கடைசித் துண்டை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆனில், இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப் அப்படியே இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பெரும்பாலும் அதில்தான். சத்தம் மாறும், எடை குறையும், பவர் கூடுவது சொற்பம். ட்யூனிங் வேலை தொடங்குவது பெண்ட் பைப்போடு முழு செட்டையும் மாற்றும்போது. ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டால் தப்பிக்கவே முடியாது.

கார்புரேட்டரில் எந்த இடத்தில் இழுவை குறைகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆக்சிலேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கால் வரை பெட்ரோலை அளப்பது பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். நடுவில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஏற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமான தப்பு. ஊசியின் தலையில் மாட்டியிருக்கும் லாக்கை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலேறி பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் நிறைய. ஐட்லிங் கலவையைத் திருத்தும் ஸ்க்ரூவிலும் இதே குழப்பம்: ஃபில்டர் பக்கம் இருப்பது ஏர் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் ஃப்யூயல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் கூடும். இவ்வளவு பாடுபட்டு அமைத்ததும் மலையேறினால் காற்று மெலிந்து, கலவை ரிச்சாகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி அந்த உயரத்தைத் தானே கவனித்துக்கொள்ளும். சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7:1 அருகில் திருத்திக்கொண்டே இருக்கும். ஸ்லிப்-ஆனுக்கு அதுவே போதும். ஆனால் முழு ஆக்சிலேட்டரில் பெரும்பாலான வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை, இன்ஜின் கணினியான ஈசியூவின் மேப்பில் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) எழுதியதைத்தான் ஊற்றும். முழு செட் போட்ட வண்டி லீன் (பெட்ரோல் குறைவு) ஆவது அங்கேதான். அந்த இடத்துக்குத் தேவை 13:1 சுற்றுவட்டாரம்.

அதைத் திருத்த இரண்டு வழி. பிக்கிபேக் பெட்டி, ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டரைத் திறக்கும் பல்ஸை நீட்டும், குறைக்கும். கழற்றினால் வண்டி பழையபடி. ஆனால் சீரான ஓட்டத்தில் பெட்டி கூட்டியதை ஈசியூ சென்சாரைப் பார்த்துக் குறைத்துவிடும், இரண்டும் இழுபறி. ஃப்ளாஷ் செய்தால், அதாவது ஈசியூவுக்குள்ளேயே புதிதாக எழுதினால், மேப்பையே திருத்துவதால் அந்தச் சண்டை இல்லை. உங்கள் ஈசியூவை எழுத முடியுமென்றால் ஃப்ளாஷ்தான் என் தேர்வு, பழைய ஃபைலை முதலில் சேமித்துவிட்டு. எது போட்டாலும் 10,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சிக்கு (இரண்டு சுற்று) இருப்பது 12 மில்லிசெகண்ட். அதில் இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடந்தால், மேப்பை நீட்டிப் பயனில்லை, பெரிய இன்ஜெக்டர்தான் வேண்டும்.

இந்தக் கலவை விகிதத்தைச் சரியான எண்ணாக அளக்க வைட்பேண்ட் சென்சார் வேண்டும். கம்பெனி பொருத்தித் தரும் நேரோபேண்ட் சென்சார் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். வைட்பேண்டைப் பைப்பின் மேல்பக்கமாகப் பொருத்துங்கள். அடியில் பொருத்தினால் தேங்கும் நீர் அதைக் கொன்றுவிடும். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் இன்ஜினை ஓட்டினாலும் கரி படிந்து கெடும்.

மேப்பைத் தொடும் முன் பெண்ட் பைப் கேஸ்கெட்டைப் பாருங்கள். பழையதையே திரும்பப் போட்டால் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு வரும், அதன் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் லீன் என்று சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். வண்டி நிஜத்தில் ரிச்சாக ஓடும். கார்புரேட்டர் வண்டியில் இதே கசிவு ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும், பழி பைலட் ஜெட்டின் மேல் விழும். சோதிக்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைக் கனமான துணியால் சில நொடி அடையுங்கள். இணைப்பு சரியென்றால் வண்டி திணறி நிற்கப் பார்க்கும். கசிவு இருந்தால் ஜாயிண்டில் புஸ் புஸ் என்று கேட்கும்.