1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாயும் முகம் தெரியாத போட்டிக்காரரும்: ஆன்லைன் ஏலத்தில் வாங்குபவர்கள், விற்பவர்கள் கவனத்துக்கு

பழைய நாணயம், தபால்தலை, ரேடியோ, கேமரா என்று ஆன்லைன் ஏலத்தில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் போனது 28,000 ரூபாயும் அதற்கு மேல் கமிஷனும். பணம் போன வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை எதிர்த்து ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிட்டவர் விற்றவரின் ஆள்தான் என்று தெரிந்தபோது வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

நான் வாங்கியது ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். நாணயம் சேர்க்காதவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். இந்த வரிசை 1938இல் தொடங்கியது. 1938, 1939 இரண்டிலும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940இல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1938ஆம் வருஷத்து ரூபாய் எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் கிடைக்கும். 1939 அரிது. இரண்டுக்கும் எடை ஒன்றுதான், 11.66 கிராம். வெள்ளியும் ஒன்றுதான், தட்டினால் வரும் சத்தமும் ஒன்றுதான். கடைசி எண் மட்டும்தான் வேறு. அதனால் 8இன் கீழ்ச்சுழியில் இடது பக்கத்தைச் சுரண்டி எடுத்து 9 ஆக்கி விற்பது இந்தத் துறையில் ரொம்ப நாளாக நடக்கிற வேலை.

இது தெரிந்துதான் ஏலத்தில் இறங்கினேன். ஏலம் முடிவதற்கு முன்பே விற்பவருக்குச் செய்தி அனுப்பி, வருஷத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். 9 சுத்தமாக, கூர்மையாக இருந்தது. ராஜாவின் பிடரிக்குப் பின்னால் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு சின்ன வெட்டு இருந்தது, அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன். போலி என்றால் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று, நாணயத்தை ஏலத்துக்குப் போட்ட பட்டியலிலேயே எழுதியிருந்தார். முந்நூறுக்கு மேல் நல்ல மதிப்புரைகள். அந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை இருபது, முப்பது ரூபாய்த் தபால்தலைக்கும் பழைய பைசாக்களுக்கும் வந்தவை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும். சில்லறைப் பொருளை ஒழுங்காக அனுப்பிப் பெயர் சம்பாதித்துவிட்டு, பெரிய பொருளில் கை வைப்பது இவர்களுடைய வழி.

இனி ஏலம் நடந்த விதம். இந்தத் தளங்களில் நம் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். நான் 28,000 என்று பதிந்தால் உடனே அவ்வளவுக்குப் போகாது. எதிரே ஒருவர் 12,000 கேட்டால் தளமே எனக்காக 12,500 கேட்கும். என் உச்சம் எவ்வளவு என்பது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது, அதுதான் ஏற்பாடு. கடைசி நாள் சாயங்காலம் வரை விலை 14,500இல் நின்றது. அப்புறம் ஒருவர் உள்ளே வந்தார். பெயர் முழுசாகத் தெரியாது, முதல் எழுத்தும் கடைசி எண்ணும், நடுவில் நட்சத்திரக் குறிகள். அவர் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றினார். தளம் எனக்காகப் பதில் கேட்டுக்கொண்டே போனது. திடீரென்று 40,000 என்று ஒரே தாவல். நான் தோற்றுவிட்டேன், விலை 28,500 என்று காட்டியது. சரி, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று இருந்தேன். சிறிது நேரத்தில் அவர் ‘தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்’ என்று காரணம் போட்டு, தான் கேட்ட விலைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விலை மறுபடி இறங்கியது. ஏலம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அவரே திரும்ப வந்து 27,500 கேட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு 28,000க்கு முடிந்தது.

இதில் நடந்தது என்ன என்று பாருங்கள். 40,000 கேட்டது வாங்குவதற்கு அல்ல, என் உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு. 28,500 என்று காட்டியதுமே அது தெரிந்துவிட்டது. பின்வாங்கிவிட்டு, அதற்கு ஒரு படி கீழே வந்து நின்றுகொண்டால் நான் கடைசி ரூபாய் வரை கொடுத்தாக வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் அதே நாணயம் 14,500க்கு எனக்கு வந்திருக்கும்.

கூரியர் வந்தது. பிரிப்பதை வீடியோ எடுத்தேன். எடை சரி. காந்தம் ஒட்டவில்லை. ஆனால் பிடரிக்குப் பின்னால் இருந்த அந்த வெட்டு இல்லை. படத்தில் காட்டியது ஒரு நாணயம், அனுப்பியது வேறு நாணயம். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சந்துக்குள் நகையில் கல் பதிக்கும் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவரிடம் கொண்டு போனேன். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். “தம்பி, வெள்ளி நல்ல வெள்ளிதான். ஆனா இந்த ஒம்போது கிட்ட மட்டும் மினுமினுப்பு வேற மாதிரி இருக்கு, இங்க வந்து பாருங்க” என்றார். நானும் பார்த்தேன். 9இன் வால் பக்கத்தில், சுழி இருந்திருக்க வேண்டிய இடத்தில், மயிரிழை மாதிரிக் கீறல்கள் ஒரே திசையில் ஓடின. நாணயத்தின் மற்ற இடமெல்லாம் எண்பது வருஷத்துப் பழுப்பு. அந்த ஒரு இடம் மட்டும் வெளுப்பு. “அரம் போட்டுட்டு மெருகு குடுத்திருக்கான். கைவேலை தெரிஞ்சவன்தான்” என்றார் அண்ணன்.

திருப்பிக் கேட்டபோதுதான் அலைச்சல் தொடங்கியது. விற்றவர் முதலில் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, “சார், நான் அனுப்புனது ஒரிஜினல். நீங்க மாத்தி வெச்சுட்டுப் பேசுறீங்க. உங்கள மாதிரி நிறையப் பேரப் பாத்தாச்சு” என்றார். திருடிக்கொண்டு போனவன் நம்மையே திருடன் என்று சொல்வதைக் காதால் கேட்டு நிற்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. தளத்துக்கு எழுதினேன். நாணயம் கைக்கு வந்த மூன்று நாளுக்குள், தரச்சான்று நிறுவனம் ஒன்றிடம் போலி என்று எழுதி வாங்கி இணைக்க வேண்டுமாம். அந்தச் சான்று வாரக்கணக்கில் ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். மூன்று நாள் முடிந்ததும் புகாரை மூடிவிட்டார்கள். வீடியோவை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டோம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று பதில் வந்தது. கமிஷனை மட்டும் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் ஏல வரலாற்றுப் பக்கத்தை உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எதிரே கேட்ட அந்த நட்சத்திரக் குறிக்காரர், இந்த ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும்தான் கேட்டிருக்கிறார். ஏலத்துக்கு ஏலம் இரண்டாவதாக வந்திருக்கிறார். தவறுதலாக ஜெயித்த சில பொருள்கள் அடுத்த வாரமே மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கின்றன. இதை விலை ஏற்ற வைத்த ஆள் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவார்கள். யார் கேட்கிறார், அவர் யாருக்குச் சம்பந்தி, எதற்காக ஏற்றுகிறார் என்பதெல்லாம் நின்று பார்க்கிற கூட்டத்துக்கே தெரியும். அங்கே ஏற்றிக் கேட்கிறவர் முகத்தோடு நிற்கிறார். திரையில் வருகிற நட்சத்திரக் குறிக்குப் பின்னால் விற்கிறவரே உட்கார்ந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் சட்டத்துக்கு இரண்டும் ஏலம்தான். 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. நானும் கேட்பேன் என்று விற்பவர் முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், அவர் தானே ஏலம் கேட்பதோ ஆள் வைத்துக் கேட்பதோ சட்டப்படி செல்லாது. அப்படி நடந்த விற்பனையை மோசடி என்று வாங்கியவர் கருதலாம். விலையை ஏற்றப் பொய்யாகக் கேட்டிருந்தால், விற்பனையையே ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. தளத்துக்கு நான் அனுப்பிய இரண்டாவது கடிதத்தில் இந்தப் பிரிவை எழுதிய பிறகுதான் மனிதர் ஒருவர் பதில் எழுதினார். அதுவரை வந்ததெல்லாம் ஒரே அச்சில் வார்த்த பதில்கள்.

விற்கிறவர்களுக்கும் இதே கதிதான். மேலூரில் இருக்கும் என் மச்சினன், அவருடைய தாத்தா காலத்து வால்வு ரேடியோவை ஏலத்துக்குப் போட்டார். ஜெயித்தவர் பணம் கட்டவே இல்லை. போன் போட்டால், பாதி விலைக்குத் தருகிறாயா என்று பேரம். ஏலம் முடிந்த பிறகு என்ன பேரம்? மறுபடி போட்டார். இந்த முறை ஜெயித்தவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படமெல்லாம் அனுப்பினார். பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். மச்சினன் ஸ்கேன் பண்ணிவிட்டார், பின் நம்பர் கேட்டது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள்தான், “அப்பா, நமக்குப் பணம் வர்றதுக்கு எதுக்குப்பா பின் கேக்குது?” என்று போனைப் பிடுங்கினாள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் இந்த ஒன்றைச் சொல்லி வையுங்கள். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி இருக்கும்.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் விலை என்று வருகிற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். அவர்கள் நோட்டை வாங்கமாட்டார்கள், உங்களிடம் வரி, கமிஷன் என்று கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி வசூல் நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

என் விஷயம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கிடைத்தது என்று சொன்னார்கள், தீர்க்கவில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் மதுரையிலேயே போட்டேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விற்றவர் இதையே தொழிலாகச் செய்கிறவர் என்று காட்ட, அவர் போட்ட பட்டியல்களை எல்லாம் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என்றைக்கோ ஒரு பொருளை விற்கும் தனி ஆள் என்றால் நுகர்வோர் வழக்கு நிற்பது கஷ்டம் என்று வக்கீல் சொன்னார். விற்றவர் பெயரையும் தளத்தின் பெயரையும் இங்கே எழுதாததும் அவர் சொன்னதால்தான்.

சமீபத்தில் ஏலத்தில் 1939 ரூபாய் வாங்கியவர்கள் கவரைப் பிரித்து அந்த 9ஐ லென்ஸில் பாருங்கள். பட்டியலில் இருந்த படத்தோடு விளிம்பையும் கீறல்களையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால், தளத்துக்குப் புகார் எழுதுவதற்கு முன்னால் ஏல வரலாற்றுப் பக்கத்தையும், கேட்டுவிட்டுத் திரும்பப் பெற்ற விலைகளின் பட்டியலையும், விற்பவர் அனுப்பிய படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். நான் புகார் எழுதிய அடுத்த வாரம் அந்தப் பட்டியல் தளத்தில் இல்லை. என் கையில் இருக்கிற பிரதிதான் இப்போது ஆணையத்தில் ஆதாரமாக இருக்கிறது.