தமிழ் எழுத்து தைக்கப் பின் தையலா, காம்புத் தையலா?

தலையணை உறையில் பெயர் தைக்க ஆசைப்பட்டு ஊசி எடுப்பவருக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லிக்கொடுக்கப்படுவது பின் தையல். நேர்கோடும் கூர்மூலையும் மிகுந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது பொருந்தும். சுழியும் வளைவுமான தமிழ் எழுத்துக்குக் காம்புத் தையலில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பின் தையலில் ஊசி ஒரு தையல் தூரம் முன்னே சென்று மேலெழுந்து, முந்தைய தையல் முடிந்த துளையிலேயே பின்னோக்கி இறங்குகிறது. கோடு ஒல்லியாக அமையும். ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் மூலைகள் கூராக நிற்கும். ஆனால் ‘அ’வின் சுழிக்கு வந்ததும் ஒவ்வொரு தையலும் தனிக் குச்சியாகத் தெரிந்து, வட்டம் பலகோணமாகிவிடுகிறது. தையலை 2 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுக்கினால் இக்குறை மறையும் என்றாலும், பழகாத கை அவ்வளவு சிறிய தையலைச் சீராக இட நாளாகும்.

காம்புத் தையல் இடமிருந்து வலமாகச் செல்கிறது. ஊசி முன்னே இறங்கி, பாதித் தூரம் திரும்பி, முந்தைய தையல் முடிந்த இடத்தில் மேலெழுவதால், தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கயிறு முறுக்கியதுபோல் வளைவோடு வளைந்து போகின்றன. நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே கிடக்க வேண்டும் என்பதே இதன் ஒரே கண்டிப்பு. ஒருமுறை தொலைபேசி அழைப்புக்காக எழுந்துபோய்த் திரும்பிய நான், நூலை மேலே தள்ளிவிட்டுத் தொடர்ந்தேன். ‘அ’வின் வயிற்றில் முறுக்கு அறுந்து நின்றதைக் கண்டு ஏழு தையல்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

நூல் செலவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும்: பின் தையலின் மறுபக்கம் காம்புத் தையலாகவும், காம்புத் தையலின் மறுபக்கம் பின் தையலாகவும் தெரியும். கண்ணியோடு கண்ணி கோத்துச் செல்லும் சங்கிலித் தையல் பூவிதழுக்கு அழகுதான். சிறிய எழுத்தின் சுழியை அது அடைத்துவிடும், கடைசிக் கண்ணியைப் பூட்டாவிட்டால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

புறக்கோட்டை கெய்சர் வீதியில் வாங்கிய சாதாரண பொப்ளின் துணியே பழகப் போதும். ஆறிழை நூலில் இரண்டிழை பிரித்து, ஒரு முழத்துக்கு மேல் நீளாமல் கோத்துக்கொள்ள வேண்டும். வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்திவைக்கக் கூடாது. கொழும்பின் ஈரக்காற்றில் துருக்கறை படிந்துவிடும்.

காம்புத் தையல் தடுமாறும் இடம் ‘ட’வின் மூலை, அங்கே அது மழுங்கி உருண்டுவிடும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு பின் தையல் இட்டு மீண்டும் காம்புத் தையலுக்குத் திரும்பலாம். மூலை சற்று மெலிந்து தெரியும், அவ்வளவுதான்.