தண்ணி லாரி வந்தாச்சு: எக்ஸ்போவா, ஃபயர்பேஸா, ஒன்சிக்னலா?

பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் எங்கள் அபார்ட்மென்டுக்குத் தண்ணி லாரி வந்தால் எல்லார் போனும் ஒரு சத்தம் போட வேண்டும், வேலை அவ்வளவுதான். அதுவரை கீழே நின்று "நீரு பந்து" (தண்ணி வந்தாச்சு) என்று கன்னடத்தில் கூவும் செக்யூரிட்டி அண்ணன்தான் எங்கள் புஷ் நோட்டிஃபிகேஷன். ஒரே கோடில் இரண்டு வகைப் போனுக்கும் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் ஒரு சின்ன ஆப் எழுதி, நோட்டிஃபிகேஷன் அனுப்பும் சேவைகளான எக்ஸ்போ, கூகுளின் ஃபயர்பேஸ், ஒன்சிக்னல் என்று மூன்று வழியும் போட்டுப் பார்த்தேன்.

எதை எடுத்தாலும் கடைசியில் ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் எஃப்சிஎம் (ஃபயர்பேஸின் செய்தி அனுப்பும் பகுதி), ஐபோனுக்கு ஆப்பிளின் ஏபிஎன்எஸ் (அதே வேலையைச் செய்யும் ஆப்பிள் சேவை) வழியாகத்தான் போகும், மற்றவர்கள் நடுவில் நிற்பவர்கள், அதனால் எது வேகம் என்ற சண்டையே வீண். ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர் கட்டுவதும் மூன்றுக்கும் பொது. நாம்தான் அனுப்புகிறோம் என்று ஆப்பிளுக்குக் காட்டும் ஃபைல்களில், பழைய பி12 சான்றிதழ் வருஷா வருஷம் காலாவதியாகும், பி8 சாவி ஆகாது, ஆனால் அதை ஒரே தடவைதான் டவுன்லோட் செய்ய விடுவார்கள். பத்திரம்.

நேரடி ஃபயர்பேஸில் பிடி முழுக்க நம் கையில், தலைவலியும் நமக்கே. பழைய டுடோரியல்கள் சொல்லும் சர்வர் கீ (அனுப்ப அனுமதி தரும் நிரந்தரச் சாவி) 2024-லேயே போய்விட்டது, இப்போது சர்வீஸ் அக்கவுண்டை (நம் சர்வருக்கான கூகுள் கணக்கு) வைத்து, ஒரு மணி நேரமே செல்லும் அனுமதி டோக்கனை வாங்கி வாங்கி அனுப்ப வேண்டும். நான் டேட்டா மெசேஜாக (ஆப்பே வாங்கிக் காட்ட வேண்டிய செய்தி) அனுப்பினேன், பிரயாரிட்டியை ஹை என்று வைக்க மறந்துவிட்டேன். காலை 6 மணிக்கு லாரி வந்தது, எதிர்வீட்டு அக்காவின் ஆண்ட்ராய்டு போன் தூக்கம் கலைந்து சொன்னபோது மணி ஏழு, சம்ப் நிரம்பி லாரியும் போய்விட்டது. அப்புறம் இன்னொன்று: போன் அணைந்திருந்தால் எஃப்சிஎம் செய்தியை 4 வாரம் வரை வைத்திருக்கும். சேலம் போய்த் திரும்பியவருக்குப் போன வாரத்து லாரி "இப்போது" வந்தது. டிடிஎல்-ஐ (செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கெடு) 1800 விநாடி என்று வைத்த பிறகுதான் அந்தக் கூத்து நின்றது.

எக்ஸ்போவிலும் ஃபயர்பேஸ் ப்ராஜெக்ட் தேவைதான், ஆனால் சாவிகளை ஒரு தடவை ஏற்றிவிட்டால் இரண்டு வகைப் போனுக்குமான செய்தியையும் எக்ஸ்போவின் ஒரே சர்வர் முகவரிக்கு அனுப்பலாம், ஒரு கோரிக்கையில் 100 செய்தி வரை. அனுப்பியதும் வரும் பதிலான டிக்கெட் ஓகே என்று வந்தால் போனுக்குப் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள், எக்ஸ்போ வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். கூகுளும் ஆப்பிளும் என்ன சொன்னார்கள் என்று காட்டும் ரசீதைக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், ஆப்பை நீக்கியவர்கள் அங்கேதான் தெரிவார்கள்.

ஒன்சிக்னல், கோட் தெரியாத செயலாளர் தானே உட்கார்ந்து அனுப்ப வேண்டுமென்றால் சரி. லாரிக்கு அது அதிகம்.

நான் எக்ஸ்போவில் நின்றுவிட்டேன். ஆனால் எக்ஸ்போவுக்கு மட்டுமே புரியும் போன் அடையாளமான எக்ஸ்போ டோக்கனோடு, போனின் அசல் எஃப்சிஎம், ஏபிஎன்எஸ் டோக்கனையும் முதல் நாளிலிருந்தே டேட்டாபேஸில் சேர்த்து வைக்கிறேன். நாளைக்கு வழி மாற்றினால் நூத்திச் சொச்சம் வீட்டுக் கதவைத் தட்டி ஆப்பைத் திறக்கச் சொல்ல என்னால் ஆகாது.