சொந்தமா புத்தகம் போட்டு மூணு வருஷம் ஆச்சு, வரவு செலவு அனுபவம்

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகல்லுங்கள பத்தி எழுதின கட்டுரைகள 2022ல சொந்த செலவுல புத்தகமா போட்டேன். டெமி சைஸ், 160 பக்கம், அதாவது ஒரே தாள்ல அடிச்சு மடிக்கிற 16 பக்க ஃபாரம் பத்து. 300 பிரதி, விலை 200 ரூபா. லேஅவுட், அட்டை, பைண்டிங் எல்லாம் சேத்து பிரதிக்கு 85 ரூபா அடக்கம், மீதி 115 கையில நிக்கும்னு நெனச்சேன், அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.

கடைக்கு 35 சதவீதம் கழிவு போனா வர்றது 130, அடக்கம் போக 45, பார்சல் கூலியும் அதுலதான், அதுவும் வித்தப்புறம்தான் பணம். வெளியூர் கடை ஒண்ணுக்கு 40 பிரதி அனுப்பி ஒன்றரை வருஷம் போன் பண்ணிப் பண்ணி கடைசில 22 திரும்பி வந்துச்சு, கட்டப் பிரிச்சா புத்தக முதுகு வெயில்ல வெளுத்திருக்கு, அட்டையில ஸ்டிக்கர் பிச்ச பசை, எவ்ளோ தொடச்சும் போகல, மனசே விட்டுப்போச்சு. மீதி 18க்கு இன்னும் பணம் வரல, புத்தகம் வாங்கினதுக்கான சீட்டு, அதான் சலான்ல கையெழுத்து வாங்காததால கேக்கவும் வழியில்ல.

அன்னிலேர்ந்து ஒரு நோட்டு போட்டேன், தேதி, யாருக்கு, எத்தன, எவ்ளோ கழிவு, எப்ப பணம், எல்லாம் எழுதுவேன், சும்மா குடுத்த பிரதியும் அதுல உண்டு.

புத்தகத்துக்கான சர்வதேச எண், அதான் ஐஎஸ்பிஎன்னுக்கு ஒருத்தர் 3,000 ரூபா கேட்டாரு, குடுக்காதீங்க, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை ஆன்லைன்லயே இலவசமா குடுக்குது. 1954ம் வருஷ சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்பணும், அந்த நாலையும் முதல்லயே செலவுல சேத்துடுங்க. அமேசான் கிண்டில்ல இந்தியாவுல விக்கற இபுக்குக்கு 70 சதவீதம் ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற அவங்க திட்டத்துல சேரணும், சேந்தா அந்த இபுக்க வேற எங்கயும் விக்கக்கூடாது, அதனால நான் சேரல.

எனக்கு கைகொடுத்தது நேர் விற்பனைதான். வாட்ஸ்அப்ல சொல்றாங்க, ஜிபே பண்றாங்க, மறுநாள் தபால்ல போட்டுடுவேன். 2025 மே மாசம் புத்தகம் அனுப்ப தபால்துறையோட ஞான் போஸ்ட் வந்தப்புறம் 300 கிராம் வரைக்கும் 20 ரூபாயும் வரியும்தான், என் புத்தகம் கவரோட 220 கிராம், முன்ன கூரியருக்கே 50 போச்சு. தர்மபுரி புத்தகத் திருவிழால தெரிஞ்சவர் ஸ்டால்ல வெச்சு 41 பிரதி போச்சு, ஒரு பெரியவர் தன் ஊர் நடுகல் போட்டோவ பாத்துட்டு அங்கயே மூணு வாங்கினாரு.

இப்ப மிச்சம் 19. ரெண்டாம் பதிப்பு 150 மட்டும்தான், கடைக்கு அஞ்சு அஞ்சா, சலான்ல கையெழுத்தோட. அரூர் பக்கம் புதுசா பாத்த ரெண்டு கல்லையும் சேக்கறேன், அதுக்கு ஒரு ஃபாரம் கூடும், அதனால விலை 220.