மலைக்கு தெர்மாகோல், வீட்டுக்கு அட்டை: மேசைப் போருக்கு மலிவான களம்

மேசை மேல் சின்னப் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு மினியேச்சர் படை வாங்கி முடித்ததும், மலை, வீடு, சுவர் என்று அது நிற்கும் களத்துக்கென்று கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மலிவாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றித்தான் வருகிறார்கள்: பார்சலோடு வரும் தெர்மாகோல், அட்டைப்பெட்டி, கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் போடும் எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை. முதல் இரண்டும் இலவசம், மூன்றாவதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

செதுக்குவதில் எக்ஸ்பிஎஸ்ஸை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. அதன் நுரை சீரானது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் செங்கல் வரிசை வந்துவிடும். கசக்கிய அலுமினியத் தாளை உருட்டினால் பாறையின் சொரசொரப்பு. விளிம்பைக் கையாலேயே பிய்த்தால் குண்டு விழுந்த சுவர் தயார். தெர்மாகோலில் இதையெல்லாம் முயன்றால் மணி மணியாக உதிரும். உதிர்ந்தது சட்டை முதல் தூரிகை வரை ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் அடித்த பிறகும் அந்த மணிகள் தெரியும். ஆனால் மலைக்கு அதுவே போதும். எப்படியும் மேலே காகிதக் கீற்றுகளை ஒட்டி, வெள்ளைப் பசை தடவி, மணல் தூவத்தான் போகிறோம்; உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? மலையை மட்டும் சரிவாகச் செதுக்காமல் படிப்படியாக அடுக்குங்கள். சரிவு அழகாக இருக்கும், வீரர்கள்தான் நிற்க மாட்டார்கள்.

இரண்டு நுரைக்கும் பொது எதிரி ஸ்ப்ரே பெயின்ட். அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்று குழியாக்கிவிடும். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, இண்டு இடுக்கு விடாமல் ஒரு பூச்சு கொடுத்த பிறகே ஸ்ப்ரேயைத் தொட வேண்டும். பெரிய நுரைத் துண்டுகளை அதே பசையால் ஒட்டினால் நடுவில் காற்றுப் போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பல்குச்சிகளைக் குத்தி நிறுத்திவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். சூடான கம்பியால் வெட்டுவது சுகமான வேலை, ஆனால் அந்தப் புகை நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வீடு கட்டுவதற்கு என் ஓட்டு அட்டைக்கு. 28 மி.மீ. உயர வீரர்களுக்கு அளவு ஏறக்குறைய நிஜத்தில் 1/56 பங்கு என்று வைத்தால், 5 மி.மீ. அட்டை நிஜத்தில் 28 செ.மீ. சுவர்! தடிமன் தானாகவே பொருந்திவிடுகிறது. ஒரு பக்கத்துத் தாளை ஈரப்படுத்தி உரித்தால் உள்ளிருக்கும் நெளிவு அப்படியே தகரக் கூரை. சூட்டுப் பசையில் நொடியில் ஒட்டும். அதே பசை அதிகச் சூட்டில் நுரையை உருக்கிவிடும். வெட்டிய ஓரத்தில் நெளிவு தெரிந்தால் காகிதக் கீற்றால் மூடிவிடலாம். அட்டையின் பெரிய குறை ஈரம்தான். ஒரு பக்கம் மட்டும் நீர்த்த பசை பூசினால் வளைந்துவிடும். இரு பக்கமும் மெல்லிசாகப் பூசினால் ஓரளவு தப்பிக்கலாம்.

பிளாஸ்டர் வார்ப்பும் உண்டு. நுணுக்கங்கள் அருமையாக விழும். ஆனால் கனம், கீழே விழுந்தால் தெறிக்கும். களத்தைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

முதல் மேசைக்கு எக்ஸ்பிஎஸ் ஒரே ஒரு பலகை வாங்கினால் போதும். அதை இடிபாடுகளுக்கும் கல் சுவர்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.